பப்பாளி போடாத மிக்ஸட் ஃப்ரூட்

மிக்ஸட் ஃப்ரூட் ஜூஸில் என்னென்ன பழம் போடுவீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வராது. கேட்க வேண்டிய கேள்விதான் அது. இந்த ஜூஸை எந்த ராஜா காலத்தில் யார் கண்டுபிடித்தது என்று கேட்டால்தான் எரிச்சல் வரும். அந்தக் கேள்வியால் ஒரு வளைகாப்பே நின்றுபோகப் பார்த்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

என் பெயர் ரோசி. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு ஜூஸ் கடையில் மாஸ்டராக இருந்தவள். மாஸ்டர் என்றால் எல்லாரும் ஆம்பிளையைத் தேடுவார்கள். ‘மாஸ்டர் எங்கம்மா?’ என்று என்னிடமே கேட்பார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் நடவு, களை, அறுப்பு என்று கூலிக்குப் போனவர்கள். மிக்சி பிடித்துச் சம்பளம் வாங்கின முதல் ஆள் நான்தான். இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் வீட்டோடு இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பெண்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

1. முதல் நாளே சண்டை

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஒருவர் பப்பாளி மில்க் ஷேக் பார்சல் கேட்டார். பப்பாளியில் பால் ஊற்றினால் உடனே குடித்துவிட வேண்டும், வைத்திருந்தால் கசக்கும் என்று ஓனர் தயாளன் அண்ணன் சொல்லிப் பார்த்தார். அவர் காதில் வாங்கவில்லை. கொண்டுபோய் வீட்டில் வைத்துவிட்டு, சாயங்காலம் அதே கவரோடு வந்து நின்றார். கெட்டுப்போன பாலை ஊற்றி ஏமாற்றிவிட்டார்கள் என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். அண்ணன் காசு வாங்காமல் சாத்துக்குடி பிழிந்து கொடுத்து அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, “பாத்துக்கினியா ரோசி, இதான் தொழிலு” என்றார்.

அதற்குப் பிறகு தொழில் சொல்லிக்கொடுத்தார். நல்லதாகவே சொல்லிக்கொடுத்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். அன்னாசியும் பாலும் சேராது. கருப்பு திராட்சையைத் தோலோடு அடித்தால் வடிகட்டியே ஆக வேண்டும். சப்போட்டாவில் ஒரு கொட்டை தப்பி ஜாருக்குள் விழுந்தாலும் அந்த ஜார் முழுக்க வீண். மிக்ஸட் ஃப்ரூட்டுக்கு பப்பாளிதான் அஸ்திவாரம். விலை குறைவு, கலர் வரும், ஜூஸ் கெட்டியாக நிற்கும். மற்ற பழமெல்லாம் அதன் மேல் கட்டுகிற சுவர். பப்பாளி இல்லாமல் மிக்ஸட் ஃப்ரூட் போடுகிற கடை எங்கள் ரோட்டில் கிடையாது.

2. ஜூஸுக்குப் பூர்வீகம் தேடினது

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையில் வினை எப்படி வந்தது என்றால், அண்ணன் ஒரு வேலையாக ஏனாத்தூர் பக்கம் போனார். அங்கே காலேஜ் பிள்ளைகளை நம்பி ஒருத்தர் புதுக் கடை திறந்திருக்கிறார். நாம் போடுகிற அதே கெட்டி ஜூஸ்தான். பெயர் மட்டும் ஸ்மூத்தி. ஒவ்வொரு ஸ்மூத்திக்கும் பக்கத்தில் ஒரு கதை எழுதி ஒட்டியிருக்கிறார்கள்: இது இந்த தேசத்திலிருந்து வந்தது, இது இன்ன காலத்து மக்கள் குடித்தது என்று. பிள்ளைகள் ஜூஸைக் குடிப்பதற்கு முன்னால் அந்தக் கதையை போட்டோ எடுக்கிறார்களாம். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. வந்ததும் வராததுமாக, நம்ம ஜூஸுக்கும் பூர்வீகம் வேண்டும் என்றார்.

“மிக்ஸட் ஃப்ரூட்டு எங்கேர்ந்து வந்திச்சி, சொல்லு” என்று என்னைக் கேட்டார்.

“சாயங்காலம் மீந்துபோன பழத்துலேர்ந்து வந்திச்சிண்ணே” என்றேன்.

நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அதுதான் உண்மை. ஒரே ஒரு ஆப்பிள் மீந்திருக்கும், அரைப் பப்பாளி மீந்திருக்கும், வாழைப்பழம் நாளைக்குத் தாங்காது. தனித்தனியாக விற்க முடியாததை ஒன்றாகப் போட்டு அடித்தால் ஒரு ருசி வந்தது. ருசி வந்ததால் பெயர் வைத்தார்கள். கண்டுபிடித்த ஆளெல்லாம் கிடையாது.

இன்னும் பழசு வேண்டும் என்று நச்சரித்தார். பழசு என்றால் நம் பக்கத்தில் பானகம் உண்டு. வெல்லம், சுக்கு, ஏலக்காய், கொஞ்சம் எலுமிச்சை. நீர்மோர் உண்டு. பழத்தைக் கலப்பது என்றால் பஞ்சாமிர்தம். வாழைப்பழத்தைக் கையால் பிசைந்து, வெல்லமோ சர்க்கரையோ, பேரீச்சை, தேன், நெய் சேர்ப்பார்கள். அது குடிக்கிற சாமான் இல்லை, நக்குகிற சாமான். எல்லாமே கை வேலை. பழத்தைக் குடிக்கிற பதத்துக்கு அடிக்க வேண்டும் என்றால் மிக்சி வேண்டும், மிக்சிக்கு கரண்ட் வேண்டும், ஐஸ் வேண்டும். வெளிநாட்டிலும் மிக்சி மாதிரி ஒரு மிஷின் வந்த பிறகுதான் ஸ்மூத்தி என்று பேர் வைத்திருப்பார்கள். இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னேன்.

அண்ணன் முகம் சுருங்கிப்போனது. “நம்ப ஊரு கல்வெட்டுல ஓட்டு போட்ட கதையே கீது. ஜூஸ் குடிச்ச கதை இல்லாமலா பூடும்?” என்றார்.

தினமும் வருகிற ஸ்கூல் வாத்தியார் ஒருவர் பக்கத்தில் நின்று குடித்துக்கொண்டிருந்தார். பப்பாளி, அன்னாசி, சப்போட்டா, கொய்யா எல்லாமே கடல் தாண்டிக் கப்பலில் வந்த பழங்கள், பல்லவ ராஜாவோ சோழ ராஜாவோ கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார் என்றார். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். இதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அண்ணன் விடவில்லை.

அடுத்த வாரம் ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு வந்து இறங்கியது. மேலே பல்லவர் காலத்துக் கூரம் கோயில் படம். கீழே ‘தொண்டை நாட்டுப் பாரம்பரியப் பழக்கலவைப் பானம்’. அதற்கும் கீழே பெரிய எழுத்தில் சேர்மானம்: பப்பாளி, அன்னாசி, வாழை, மா, தேன். தேன் எங்கே இருக்கிறது நம் கடையில்? சர்க்கரைப் பாகு ஊற்றித்தானே கலக்குகிறோம்? கேட்டேன்.

“அது பாரம்பரியம்மா. கடையில இருந்தே ஆவணும்னு இன்னா கீது?” என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

3. வளைகாப்பு ஆர்டர்

உத்திரமேரூரிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்தில் வளைகாப்பு. நிலம் நீச்சு உள்ள குடும்பம். மாமியார் பெயர் கன்னியம்மா. மருமகள் சங்கீதா. வாசலில் எல்லாருக்கும் வெல்கம் டிரிங்க் தர வேண்டும் என்று எங்களிடம் மிக்ஸட் ஃப்ரூட் சொல்லியிருந்தார்கள். அண்ணன் வழக்கம்போல பப்பாளிக்கு ஆள் அனுப்பப் பார்த்தார். நான் நடுவில் புகுந்து தடுத்தேன்.

இதை ஒரு மனுஷனுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? பிள்ளைத்தாய்ச்சிக்குப் பப்பாளியும் அன்னாசியும் ஆகாது என்று நம் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பழுத்த பப்பாளியால் ஒன்றும் ஆகாது, காய்தான் வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த நர்ஸ் ஒருத்தி சொல்வாள். இருக்கட்டும். டாக்டர் பேச வேண்டியதை நான் பேச மாட்டேன். வளைகாப்பு வீட்டுக்குள் பப்பாளியைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். கெட்டிக்கு வாழையும் சப்போட்டாவும் போதும், கலருக்கு மாம்பழம் போதும் என்றேன். விலை கூடும் என்று முனகிவிட்டு, கடைசியில் ஒப்புக்கொண்டார்.

காலையில் பழப் பெட்டிகளோடு வேனில் போய் இறங்கினோம். கன்னியம்மாவே வந்து நின்று ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார். சமுதாயக் கூடத்துக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் பிளக் பாயிண்ட் இருந்தது. நான் அங்கே உட்கார்ந்து பழத்தை அறுப்பதும் அடிப்பதுமாக இருந்தேன். அடித்தது கேனில் முன்னால் போய்க்கொண்டிருந்தது. முன்பக்கம் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க நேரம் இல்லை. அங்கே அண்ணன் அந்த ஃப்ளெக்ஸ் போர்டை வேனிலிருந்து இறக்கி, கவுண்டர் பக்கத்தில் நட்டு வைத்திருக்கிறார். விளம்பரமாம். எந்த வீட்டு விசேஷத்தில் எந்தப் போர்டை வைக்கிறோம் என்று ஒரு நிமிஷம் யோசித்தாரா மனுஷன்?

வளையல் அடுக்கி முடிக்கிற நேரம். கலவை சாதமெல்லாம் எடுத்து வைத்துவிட்டார்கள். திடீரென்று நாதஸ்வர ரெக்கார்டை நிறுத்திவிட்டார்கள். ஏதோ தகராறு என்று புரிந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் ஓடினேன்.

கன்னியம்மாவின் மூத்த மகள் போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டு சேர்மானத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். பப்பாளி, அன்னாசி. சங்கீதா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம், கை நிறைய வளையல், பக்கத்தில் காலி டம்ளர். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கன்னியம்மா எங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மருமகளிடம் போனார்.

“போன தபா பண்ண அதே வேலைய மறுபடியும் பண்ணிட்டியாடி? எது குடுத்தாலும் வாயில ஊத்திக்கினு பூடுவியா?”

பக்கத்திலிருந்த ஒரு அம்மாள் என் காதில் சொன்னாள். இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு கரு கலைந்திருக்கிறது. கொல்லையில் பப்பாளி தின்றுதான் கலைத்துக்கொண்டாள் என்று அந்த வீட்டில் அன்றிலிருந்து பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதி வைத்தது ஓனர், அடித்துக் கொடுத்தவள் நான், ஏச்சு மட்டும் குடித்தவளுக்கு.

4. பக்கெட்டைக் கவிழ்த்தேன்

இதில் பப்பாளியும் இல்லை, அன்னாசியும் இல்லை என்று சத்தமாகச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. அச்சில் இருக்கிறதே என்றார்கள். தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்றார்கள். அண்ணனைப் பார்த்து, நீங்களே சொல்லுங்கள் என்றேன். கூட்டத்தைச் சமாதானம் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

“போட்டிருந்தாலும் கொஞ்சமாத்தாம்மா போட்டிருப்பாங்க” என்றார்.

கூடமே கொந்தளித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கச் சொல்லி ஒருவர் கத்துகிறார். அந்தப் பெண்ணின் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு அந்த நேரத்தில் அண்ணனை மிக்சி ஜாருக்குள் போட்டு மூடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் அவர் பக்கம் திரும்பினால் வேலை நடக்காது. அந்தப் பெண்ணின் பயம் நிற்க வேண்டும். வாயால் சொன்னால் நிற்காது.

ஷெட்டுக்கு ஓடினேன். காலையிலிருந்து அறுத்த தோல், கொட்டை எல்லாம் பெரிய பக்கெட்டில் கிடந்தது. மாட்டுக்கு வேண்டும் என்று அந்த வீட்டுக்காரர்களே எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். அதை அப்படியே இழுத்துக்கொண்டு வந்து, கூடத்தின் வாசலில் ஒரு பழைய தார்ப்பாயை விரித்து, எல்லார் கண்ணுக்கும் முன்னால் கவிழ்த்தேன்.

“பப்பாளி அறுத்திருந்தா அதோட வெதை எங்க பூடும்? அன்னாசியோட முள்ளுத் தோல் எங்க பூடும்? வந்து தேடுங்க. ஒரு வெதை கெடச்சா என்ன வேணா பண்ணுங்க” என்றேன்.

முதலில் யாரும் கிட்ட வரவில்லை. பட்டுப்புடவையோடு குப்பையில் உட்கார யாருக்கு மனசு வரும்? கன்னியம்மா வந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, கையை உள்ளே விட்டார். அவர் உட்கார்ந்ததும் நாலைந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். வாழைத்தோலை ஒரு பக்கம் எடுத்துப் போட்டார்கள், மாங்கொட்டையை ஒரு பக்கம். மூத்த மகள் எதையோ தூக்கிக் காட்டி, இதோ கருப்பு விதை என்றாள். அது சப்போட்டாக் கொட்டை. பப்பாளி விதை மிளகு மாதிரி உருண்டையாக இருக்கும், இது நீளமாகப் பளபளவென்று இருக்கிறதே, கண் தெரியவில்லையா என்று நான் கேட்பதற்குள் பக்கத்திலிருந்த பெண்ணே கேட்டுவிட்டாள்.

மூத்த மகள் விடுவாளா? கடையிலேயே அறுத்து எடுத்துக்கொண்டு வந்திருக்கலாமே என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதற்கு நான் எந்தப் பக்கெட்டைக் கவிழ்ப்பேன்?

பதில் சொன்னவர் கன்னியம்மா. “காலைல பொட்டிங்கள நான்தான் தொறந்து பாத்தேன். எல்லாம் முழுப் பழம். பப்பாளியும் இல்ல, அன்னாசியும் இல்ல. நான் இல்லன்னு பாத்துட்டுதான் உள்ள வுட்டேன். போர்டப் பாத்ததும் அதுவே மறந்துபூட்டுது” என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. கை மட்டும் தோலுக்குள்ளேயே இருந்தது.

எல்லாரும் மூச்சு விட்டார்கள். ரெக்கார்டைப் போடச் சொல்லி ஒருவர் குரல் கொடுத்தார். அப்போது சங்கீதா நாற்காலியிலிருந்து எழுந்து வாசல் வரைக்கும் வந்தாள். அழவில்லை.

“போன தபாவும் நான் துன்னல அத்தே” என்றாள். “அன்னிக்கி கொட்டிக் காட்ட என்னாண்ட ஒண்ணும் இல்ல.”

கன்னியம்மா நிமிரவில்லை. தேட வேண்டியது ஒன்றும் மீதி இல்லை. இருந்தும் அந்தத் தோல்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே இருந்தார். மற்ற பெண்கள் மெதுவாக எழுந்து கை கழுவப் போனார்கள். சங்கீதாவை அவளுடைய அம்மா உள்ளே கூட்டிக்கொண்டு போய், சாப்பிட வைத்து, அன்றைக்கே ராஜகுளத்துக்கு, தாய் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்.

வேனில் திரும்பி வரும்போது அண்ணனிடம் நான்தான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தேன். என்ன பேசினேன் என்று எழுதினால் புள்ளைங்க படிக்க முடியாது. போர்டை மறுநாளே கிழித்துக் கடைக்குப் பின்னால் மழைத் தண்ணி ஒழுகுகிற இடத்தில் போட்டு மூடினேன்.

5. காஞ்சிபுரம் பஸ்

சில மாதம் கழித்து, நல்ல வெயில் நேரத்தில் கன்னியம்மா கடைக்கு வந்தார். ஸ்வீட் பாக்ஸ் ஒன்றை நீட்டினார். பேத்தி பிறந்திருக்கிறாள், சுகப் பிரசவம், தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்றார். எனக்கு நிஜமாகவே சந்தோஷம். உட்காரச் சொல்லி சாத்துக்குடி பிழிந்து கொடுத்தேன். பிழிவதை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் குடித்தார்.

டம்ளரை வைத்துவிட்டுப் போவார் என்று பார்த்தால் போகவில்லை. கூட்டம் இருந்தது. ஒருவர் ரோஸ்மில்க் கேட்கிறார், ஒருவர் ஆப்பிள் கேட்கிறார். இவர் கவுண்டர் ஓரத்திலேயே நின்றார். கடைசியில் குனிந்து, என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“போன தபா அவ ஒண்ணும் துன்னலம்மா. எனக்கும் தெரியும். புள்ள பூட்டுதேன்னு யாரையாவது சொல்லணும்னு இருந்திச்சி. சொல்லிட்டேன். அப்பறம் அதையே சொல்லிக்கினு இருந்துட்டேன்.”

எனக்கு மிக்சியைப் பாதியில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

“இத என்னாண்ட எதுக்கும்மா சொல்றீங்க? அந்தப் பொண்ணாண்ட சொன்னீங்களா?”

தலையை ஆட்டினார். இல்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லையாம். பேத்தியைப் பார்க்க ராஜகுளம் போகிறபோதெல்லாம் சொல்லணும் என்று நினைப்பாராம், அங்கே யாராவது இருப்பார்களாம், வந்துவிடுவாராம். இப்போது ஊருக்குப் போகிற மினி பஸ்ஸுக்காக நிற்கிறேன் என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் யாரிடம் சொல்ல வேண்டியதை யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்? கைத்துணியைப் போட்டேன். கவுண்டரை விட்டு இறங்கினேன். ஆப்பிள் கேட்டவர் கத்தினார். அண்ணன் கத்தினார். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்து, காஞ்சிபுரம் பஸ் புறப்பட நின்றுகொண்டிருந்ததில் ஏற்றி உட்கார வைத்தேன். காஞ்சிபுரத்தில் இறங்கி ராஜகுளத்துக்கு வேறு பஸ் மாற வேண்டும் என்று கண்டக்டரிடமும் சொன்னேன், அவரிடமும் இரண்டு தடவை சொன்னேன். இறங்கிவிடுவாரோ என்று பஸ் நகர்கிற வரைக்கும் படிக்கட்டுப் பக்கத்திலேயே நின்றேன். அவர் இறங்கவில்லை. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, “அங்க போயி இன்னான்னும்மா ஆரம்பிக்கறது?” என்று கேட்டார்.

“நீ துன்னலன்னு எனக்குத் தெரியும்னு ஆரம்பிங்க” என்றேன்.

தொழிலுக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். விசேஷ வீட்டில் கடைசி ஆள் கிளம்புகிற வரைக்கும் தோல், கொட்டையைக் கொட்டாதீர்கள். ஜாரில் இன்றைக்கு என்ன விழுந்ததோ அதை மட்டும் சொல்லுங்கள், பழங்காலத்துக் கதையெல்லாம் வேண்டாம். அதையும் யார் குடிக்கப் போகிறாரோ அவரிடமே, அவர் குடிக்கிறதுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். பஸ் போன பிறகு நான் கடைக்குத் திரும்பினேன். ஆப்பிள் கேட்டவர் எழுந்து போய்விட்டிருந்தார்.